வேப்பிலையை அவிழ்க்க மாட்டேன்

மகனே,

மயிலாப்பூர் மாட வீதிகளின் முடிசூடா மன்னனும், ஆயிரத்தெட்டு அண்டாக்களுக்கு அதிபதியும், வாடகைப் பாத்திரக் கடை நடத்தியே ஊரிலுள்ள பாதிப் பேருக்குக் கல்யாணச் சோறு வடித்துக் கொடுத்தவனும், இப்போது தன்னைத் தானே முன்னறையில் வைத்துப் பூட்டிக்கொண்டிருப்பவனுமாகிய உன் அப்பா எழுதுவது. நான் நலமாக இல்லை. நலம், நலமறிய ஆவல் என்று பொய்யில் ஆரம்பிக்கிற வழக்கத்தை இன்றோடு நிறுத்திவிட்டேன். எனக்கு அம்மை போட்டிருக்கிறது. சின்னம்மைதான். பெரியம்மையை இந்த நாட்டை விட்டே விரட்டியாயிற்று என்று ரேடியோவில் சொல்கிறார்கள். அது போகிற போக்கில் தன் தம்பியை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. ஐம்பத்தாறு வருடம் என்னைத் தொடப் பயந்து தெருமுனையிலேயே நின்றிருந்த நோய், உன் கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது துணிச்சல் வந்து உள்ளே நுழைந்துவிட்டது. முதுகில் செங்கல்பட்டு ஜில்லா, வயிற்றில் வட ஆற்காடு, வலது காலில் மட்டும் மூன்று தாலுகா. மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் தனியாக உட்கார்ந்து கலெக்டர் மாதிரி எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்கிறது. அரிப்பைப் பற்றி எழுதினால் இந்தக் காகிதமே தன்னைச் சொறிந்துகொள்ளும்.

நீ தங்கியிருக்கும் அடையாறு அறையிலிருந்து உன் மாமா தங்கவேலு மூலம் கொடுத்தனுப்பிய சீட்டு நேற்றுக் காலை வந்து சேர்ந்தது. நான்கே வரி. “அப்பா, வேப்பிலையைக் கழற்றச் சொல்லுங்கள். பெண் வீட்டாரிடம் மூச்சு விட வேண்டாம். சால்வை போர்த்திக்கொண்டு தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் வந்து உட்காருங்கள். ஒரு நாள்தானே.” உன் கையெழுத்து கோபத்தில் இத்தனை அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. என் பதில் ஒரே வரி. வர மாட்டேன். உன் மாமா வரட்டும், அவன் பின்னால் நம் சாதிசனம் மொத்தமும் பேண்டு வாத்தியத்தோடு வரட்டும், யானையைக் கொண்டுவந்து இந்தக் கதவை முட்டட்டும். வர மாட்டேன், வேப்பிலையை அவிழ்க்கவும் மாட்டேன், பெண் வீட்டாரிடம் சொல்லியும் விட்டேன். இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். இது உனக்கு மட்டும் இல்லை. மாப்பிள்ளை அழைப்புக்கு வந்திருக்கும் அத்தனை பேருக்கும் உரக்கப் படித்துக் காட்டு. காகிதத்தைத் தொடப் பயப்பட வேண்டாம். உன் அம்மா இதன் மேல் இரண்டு முறை இஸ்திரிப் பெட்டியை ஓட்டித்தான் கொண்டு வருவாள். உங்கள் இரண்டு பேரைப் பற்றியும் எனக்குக் கவலை இல்லை. உனக்கு மூன்றாம் வகுப்பிலும், அவளுக்குப் பாவாடை கட்டுகிற வயதிலும் சின்னம்மை வந்து போய்விட்டது. ஒரு தடவை வந்தால் அநேகமாக மறுபடி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தங்கவேலு உன் சீட்டோடு மட்டும் வரவில்லை. ஒரு டப்பா முகப் பவுடரும் கொண்டுவந்திருந்தான். கேட்டில் வேப்பிலை தொங்குவதைப் பார்த்துவிட்டு, உள்ளே வரப் பயந்து, ஜன்னலுக்கு வெளியே செம்பருத்திச் செடிக்குள் நின்றுகொண்டு பேசினான்.

“மாமா, கஞ்சி போட்ட ஜிப்பா, மேல பட்டு சால்வை, தலையில ஒரு தலப்பா. மூஞ்சிக்குப் பவுடர். யாருக்கு இன்னா தெரியப் போவுது?”

“வைகாசி வெயில்ல சால்வையா? என்னை மாப்பிள்ளையோட அப்பான்னு நினைப்பாங்களா, நாடகத்துல திவான் வேஷம் கட்டினவன்னு நினைப்பாங்களா?”

“தமாஷ் பண்ணாதீங்க மாமா. பையன் கண் கலங்கிப் போய்க் கீறான்.”

“நீ ஏண்டா செடிக்குள்ள நிக்கிற? உள்ள வா. வந்து என் பக்கத்துல உக்காந்து பேசு.”

“ஐயோ, வேணாம் மாமா. எனக்கு இன்னும் போடல.”

“உனக்கு என் ஜன்னலாண்ட வரவே உதறுது. நான் மட்டும் முந்நூறு பேர் நடுவுல போய் உக்காரணுமா?”

அவன் பவுடர் டப்பாவை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு ஓடிப்போனான். அந்த ஓட்டத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது, மகனே. தொற்று நோயைப் பற்றி நம் ஆட்களுக்குத் தெரியாது என்று யார் சொன்னது? எல்லாருக்கும் தெரியும். தனக்கு வந்துவிடுமோ என்கிறபோது ஒவ்வொருவனும் எம்.பி.பி.எஸ். தன்னிடமிருந்து பிறருக்குப் போகுமோ என்கிறபோதுதான் கைநாட்டு ஆகிவிடுகிறான்.

அவன் ஓடின பிறகு நம் தெரு டாக்டர் வந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு புதிய தேசத்தைக் கண்டுபிடித்தவர் மாதிரி என் முதுகைச் சுற்றி வந்தார். கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே இது மூச்சிலும் இருமலிலும் அடுத்தவரிடம் போகும்; கடைசிக் கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை போய்க்கொண்டே இருக்கும். கொப்புளத்து நீர் பட்டாலும் ஒட்டும். குழந்தைகளுக்கு வந்தால் பெரும்பாலும் சொறிந்து அழுதுவிட்டுத் தப்பிவிடுவார்கள், பெரியவர்களைக் கொஞ்சம் கடுமையாகப் படுத்தும் என்றார். அதோடு விட்டிருந்தால் ஒருவேளை நானே அந்தப் பவுடர் டப்பாவைத் திறந்திருப்பேன். உன் அப்பனை அவ்வளவு உத்தமன் என்று நினைத்துவிடாதே. ஆனால் அவர் கடைசியாக ஒன்று கேட்டார். “மாமா, கல்யாண வீட்டுல யாராவது பிள்ளைத்தாச்சி இருக்காங்களா?” தெருவில் எல்லாருக்கும் நான் மாமா, டாக்டருக்கும்தான். இருக்கிறாள் என்றேன். உன் வருங்கால மனைவியின் அக்கா. பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள், ஒன்பதாவது மாசம், கல்யாணத்தன்று தங்கை முதுகை ஒட்டித்தான் உட்காருவதாக இருந்தாள். டாக்டர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். பிரசவத்தை ஒட்டி அவளுக்கு இது வந்தால் அவளும் படுவாள், பிறக்கிற குழந்தை உயிர் பிழைப்பதே கஷ்டமாகிவிடலாம் என்றார். அப்புறம் நான் தமாஷ் பண்ணவில்லை.

காகிதமும் பேனாவும் எடுத்து, கொப்புளம் வருவதற்கு முந்தின இரண்டு நாளில் கடைக்கு வந்து என் முகத்துக்கு நேரே நின்று பேசியவர்கள் யார் யார் என்று எழுதினேன். எட்டுப் பேர். உன் அம்மா வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். அப்பளக்காரர் அவளுக்கு மோர் கொடுத்து அனுப்பினார். பஞ்சாங்கம் பார்க்கிறவர் என்னைச் சபித்துவிட்டு, பிறகு தன் பேரனைத் தள்ளிப் படுக்க வைத்தார். சபித்தது எனக்கு வலிக்கவில்லை. தள்ளிப் படுக்க வைத்தாரே, அது போதும்.

நீ இப்போது கேட்பாய், இந்த ஆளுக்கு எப்போதிலிருந்து இத்தனை ஞானம் என்று. அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம். பன்னிரண்டு வருடமாக உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. சொல்லாமலேயே செத்துப் போகலாம் என்று பார்த்தேன். சின்னம்மை விடவில்லை.

உன் அத்தை கல்யாணம் ஞாபகம் இருக்கும். அப்போது நீ ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப் போய், என் தங்கை யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்காரத் தொடங்கியிருந்த சமயம். மூன்றாவதாக ஒரு இடம் அமைந்தது. கல்யாணம் நம் வீட்டு வாசலிலேயே. தெருவை அடைத்துப் பந்தல். அந்தப் பந்தலின் நிழல் லஸ் முனை வரை விழுந்தது என்று நான் இன்றும் சாதிப்பேன். மூன்று நாளாக விட்டுவிட்டு வந்த உன் காய்ச்சல் கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் நெருப்பாகக் கொதித்தது. கண்ணெல்லாம் சிவந்து, மூக்கு ஒழுகி, இருமி இருமி, மத்தியானத்துக்குள் முகத்தில் மணலை வாரி இறைத்த மாதிரி பொரிப் பொரியாக வந்துவிட்டது. மணல்வாரி அம்மை. உன் அம்மா வேப்பங்கொத்து ஒடித்து, மஞ்சள் துணியில் சுற்றி, கேட்டுக்குப் பக்கத்துத் தூணில் இருக்கிற ஆணியில் கட்டினாள்.

அந்த வேப்பிலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அம்மனுக்காகக் கட்டுகிறார்கள் என்பாய். கட்டட்டும், அம்மனோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை. ஆனால் வாசலில் அது தொங்கினால் என்ன நடக்கிறது என்று பார். பால்காரன் தெருவிலேயே நின்று ஊற்றுகிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வருவதில்லை. கடன் கேட்பவன்கூடத் திரும்பிப் போகிறான். வந்தவர்களைத் தடுக்க ஒரு போலீஸ்காரன் தேவையில்லை, ஒரு போர்டு எழுத வேண்டியதில்லை. படிக்கத் தெரியாதவனும் படித்துவிடுகிற அறிவிப்பு அது. நம் ஆட்கள் கண்டுபிடித்ததிலேயே உருப்படியான ஒன்று. அதைத்தான் நான் பிய்த்து எறிந்தேன்.

உன் அம்மா, “வர்றவங்களுக்குத் தெரிய வேணாமா?” என்று கேட்டாள்.

“தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுக்காரன் திரும்பிப் போயிடுவான். அம்மை வந்த வீட்டுல மேளம் கொட்டலாமான்னு கேப்பான். வாயை மூடிக்கிட்டு இரு. ஒரு நாள்தானே.”

ஆம், மகனே. ஒரு நாள்தானே. உன் சீட்டில் அந்த இரண்டு வார்த்தையைப் படித்தபோது என் கொப்புளங்கள்கூட ஒரு நிமிடம் அரிப்பதை நிறுத்தின. அது என் வசனம். என்னிடமிருந்து உனக்கு அண்டாக்கள் வந்து சேர வேண்டும் என்று நினைத்தேன். முந்திக்கொண்டு இது வந்து சேர்ந்திருக்கிறது.

வேப்பங்கொத்தைப் பந்தலுக்கு வெளியே குப்பையில் அமுக்கிவிட்டு, அதே ஆணியில் மாவிலைத் தோரணத்தைக் கட்டினேன். உன்னைப் பின்கட்டில் பாத்திர அறையில் படுக்க வைத்தேன். அண்டாவையும் தவலையையும் சுவர் மாதிரி அடுக்கி, அந்தப் பக்கம் பாயைப் போட்டு, “சத்தம் போடாதே, கல்யாணம் முடிஞ்சதும் உனக்கு ஒரு தட்டு ஜிலேபி” என்றேன். நீயும் சமர்த்தாகப் படுத்துக்கொண்டாய். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பூக்காரி குப்பம்மா வந்தாள். இன்றைக்கு வரை நம் வீட்டுக்குப் பூக் கொடுக்கிற அதே குப்பம்மாதான்; அப்போது இடுப்பில் எட்டு மாசக் குழந்தை. இரண்டு கூடைச் சாமந்தியும் மல்லியும். பந்தலில் உட்கார்ந்து கட்டினால் வெயிலில் பூ வாடிவிடும் என்றாள். கல்யாண வீட்டு எஜமானன் அல்லவா, யோசிக்காமல் ராஜ உத்தரவு போட்டேன். “பின்னாடி பாத்திர ரூம்ல போய் உக்காரு குப்பம்மா. ஊட்டி மாதிரி இருக்கும்.”

நீ அங்கே இருப்பது எனக்கு மறந்துவிட்டது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. மறக்கவில்லை. அண்டாச் சுவர் இருக்கிறதே, அவன் அந்தப் பக்கம், இவள் இந்தப் பக்கம், என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். நோய் என்பது தொட்டால்தான் வரும் என்பது என் விஞ்ஞானம். காற்று அண்டாவின் மேலே ஏறிப் போகும் என்பது அந்த அறிவுக்கு எட்டவில்லை. அவள் மத்தியானத்திலிருந்து விளக்கு வைக்கும் வரை அங்கே உட்கார்ந்து பூக் கட்டினாள். குழந்தை அவள் பக்கத்தில் தவழ்ந்தது. பிற்பாடு ஒரு நாள் நீயே சொன்னாய்: “அப்பா, அன்னைக்கு அண்டாவுக்கு நடுவுல ஒரு பாப்பா எட்டிப் பாத்துச்சு. நான் டம்ளரைத் தட்டினா சிரிச்சுது. அது யார் பாப்பா?” யாரோ விருந்துக்கு வந்தவங்களோடது என்று சொல்லிவிட்டேன்.

அது செல்வி. தெப்பக்குளத்துப் பக்கம் பூக்கடையில் அம்மாவுக்கு உதவியாக உட்கார்ந்திருப்பாளே, நீகூடப் போன பொங்கலுக்கு அவளிடம் பேரம் பேசி இரண்டு முழம் அதிகம் வாங்கி வந்து பெருமையடித்தாயே, இடது கண்ணில் வெள்ளை படர்ந்த அந்தப் பெண். பிறவியிலேயே அப்படி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். பிறவியில் இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருந்தன. உன் டம்ளரைப் பார்த்துச் சிரித்தது அந்த இரண்டு கண்ணும்தான்.

கல்யாணம் ஜாம் ஜாம் என்று முடிந்தது. நாதஸ்வரக்காரரின் கன்னம் இரண்டு நாளைக்கு உள்ளே போகவில்லை. இரண்டு வாரம் போலப் போனதும் குப்பம்மா வருவதை நிறுத்தினாள். வேறொருத்தி பூக் கொண்டுவந்தாள். கால்வாய் ஓரத்துக் குடிசையில் குப்பம்மாவின் குழந்தைக்கு அம்மை, நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுக்கிறது, கண் ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை என்று அவள்தான் சொன்னாள். நான் போய்ப் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை. டாக்டரிடம் போய், யாரோ தூரத்துச் சொந்தம் என்று கதை கட்டி விசாரித்தேன். மணல்வாரி மாதிரி பரவுகிற நோய் அபூர்வம் என்றார் அவர். இருமிய ஆள் எழுந்து போன பிறகும் அந்த அறையின் காற்றில் அது கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். முன்னால் வராத பத்துப் பேரை அந்த அறையில் உட்கார வைத்தால் ஒன்பது பேருக்கு வந்துவிடும். சத்தில்லாத சின்னக் குழந்தைக்கு வந்தால் நெஞ்சுக்குப் போகும், கண்ணுக்குப் போகும். “குழந்தை இருக்கற இடத்துக்கு யாராவது வந்திருப்பாங்க” என்றார். இல்லை டாக்டர், யாரும் அங்கே போகவில்லை, குழந்தையை நோய்க்குப் பக்கத்தில் உட்கார வைத்தது நான் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு மாசம் கழித்துக் குப்பம்மா திரும்பி வந்தாள். இடுப்பில் செல்வி இருந்தாள். நான் பேப்பரை உயர்த்திப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டு, “பூ அழகா கீது குப்பம்மா” என்றேன். பன்னிரண்டு வருடம், ஒரு நாள் விடாமல் அவளிடம்தான் பூ வாங்கினேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. தைரியம் இல்லாதவன் செய்கிற காரியம் அது.

இன்னொன்றும் செய்தேன். கல்யாண வீடுகளிலிருந்து திரும்பி வரும் டம்ளர், தட்டு அத்தனையையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்காமல் மறு வீட்டுக்கு அனுப்புவதில்லை என்று கடையில் சட்டம் போட்டேன். “பாத்திரக்கடை மாமா டம்ளரை வேக வைக்கிறார், அடுத்து தாளிச்சு எடுப்பார்” என்று தெருவே சிரித்தது. நீயும் சிரித்தாய். சிரியுங்கள். அந்தத் தண்ணீரால் மணல்வாரியைத் தடுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். டைபாய்டு, பேதி மாதிரி எத்தனையோ தடுக்கும். கடைக்கு வாரிசாக நீ வந்தாலும் சரி, வேறு எவன் வந்தாலும் சரி, அந்த அடுப்பை அணைத்தால் நான் பேயாக வந்து எல்லா அண்டாவையும் ஒரே நேரத்தில் உருட்டுவேன்.

இப்போது தியாகராய நகர் விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மத்தியானம், டாக்டர் போன கையோடு, உன் அம்மா குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனாள். பாண்டி பஜாரில் பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து போய், வாசல் படிக்குக் கீழேயே நின்றுகொண்டு சொல்லியிருக்கிறாள். சம்பந்தி ஜவுளிக்கடைக்காரர், திருநெல்வேலிப் பக்கத்து மனுஷன், சகுனத்தை முழம் போட்டு அளக்கிறவர். முகம் சாயம் போன வேட்டி மாதிரி ஆகிவிட்டதாம்.

“என்ன தங்கச்சி, கடைசி நேரத்துல இப்படிச் சொல்லுதீக? அம்மை கண்ட வீட்டுல எப்படிக் கல்யாணம்? இது சரிப்படாது. நிறுத்திருவோம்.”

உன் அம்மா புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அப்போது உள்ளேயிருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிள்ளைத்தாச்சிப் பெண் நிலைப்படி வரை வந்தாளாம்.

“எப்பா, இவுக வாயைத் தொறக்காம வந்து மணையில உக்காந்திருந்தா நமக்குத் தெரிஞ்சிருக்குமா? என் பிள்ளைக்கு என்ன ஆயிருக்கும்? மறைக்கத் தெரியாத வீட்டுலதான் பொண்ணைக் குடுக்கணும்.”

மறைக்கத் தெரியாத வீடாம்! இதை உன் அம்மா சொன்னபோது நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் கொப்புளம் வந்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். நம்பினாள், அல்லது நம்பின மாதிரி நடித்தாள். ஆகக் கல்யாணம் நிற்கவில்லை. என் இடத்தில் உன் சித்தப்பா சித்தி உட்காருவார்கள். சின்னம்மை வந்து போனவர்களாகப் பார்த்துத்தான் நம் பக்கத்திலிருந்து மணையருகே விடுவது என்று உன் அம்மா பேசி முடித்துவிட்டு வந்திருக்கிறாள். அந்த அக்காவும் மண்டபத்துக் கூட்டத்துக்கு வராமல் வீட்டிலேயே இருந்துகொள்கிறாளாம். என்னால் அவள் தங்கையின் கல்யாணத்தைப் பார்க்க முடியாமல் போகிறது. தாலி கட்டினதும் முதல் வேலையாகப் போய் அவள் வாசலில் நின்று நன்றி சொல்.

இனி இன்று காலை நடந்தது. இதை மட்டும் மெதுவாகப் படி. உரக்கப் படிக்க முடியாவிட்டால் கடிதத்தை உன் அம்மாவிடம் கொடு, அவள் படிப்பாள்.

குப்பம்மா வழக்கம்போல் சாமி படத்துக்குப் பூ கொண்டுவந்தாள். கேட்டில் வேப்பிலையைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள். ஜன்னலில் என் முகம் தெரிந்திருக்க வேண்டும்.

“இன்னா நைனா இது? ஆருக்கு?”

“எனக்குத்தான் குப்பம்மா.”

“உனுக்கா? இந்த வயசுலயா?” என்று வாய்விட்டுச் சிரித்தாள். “நாளிக்கு மாமனாரா போய் நிக்க வேண்டிய மனுசன், பச்சப் புள்ள மாரி அம்ம போட்டுக்கினு குந்திக்கினு கீது!”

அவள் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும், அடங்கிவிட்டால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். சொன்னேன். என் தங்கை கல்யாணத்துக்கு முதல் நாள் பாத்திர அறையில் என் பிள்ளை மணல்வாரியோடு படுத்திருந்தான் என்றேன். தெரிந்தேதான் உன்னை அங்கே உட்கார வைத்தேன் என்றேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மிகைப்படுத்தாமல் ஒரு விஷயத்தைச் சொன்னேன்.

குப்பம்மா கூடையைக் கீழே இறக்கினாள்.

“தெரியும் நைனா.”

“எப்படித் தெரியும்?”

“பந்தலாண்ட குப்பையில வேப்பிலை கெடந்துச்சு. மஞ்சத் துணி சுத்தினது. நான் பாத்துட்டுத்தான் உள்ள வந்தேன். உள்ள உன் புள்ள இருமறதும் கேட்டுச்சு. கல்யாண ஊடாச்சே, சும்மா இருமறான், அம்ம எறங்கிப் போயிருக்கும்னு நெனச்சுக்கினேன். கேட்டிருக்கணும். ரெண்டு கூடைப் பூவு, பெரிய எடம், வாயத் தொறந்தா வேற பூக்காரிய இட்டாந்துடுவியோன்னு பயந்துகினு கேக்கல.” கூடை மேல் ஈரத் துணியை இழுத்து மூடினாள். “பன்னெண்டு வர்சமா நீ சொல்லுவியான்னு பாத்துக்கினே இருந்தேன். நீ பேப்பரத் தூக்கிப் புடிச்சிக்கினே.”

மன்னித்துவிடு என்று கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அத்த எங்கிட்ட கேக்காத. கண்ணு எனுக்கா போச்சு? செல்விக்கு நானே சொல்லிக்கிறேன். அது மன்னிக்குதோ, மூஞ்சில காறித் துப்புதோ, அதுங்கிட்ட பேசிக்க. ஆனா உன் புள்ளகிட்ட இன்னிக்கே சொல்லிடு. நாளிக்கு மாலைய எடுத்துக்கினு மண்டபத்துக்குப் போறது செல்விதான். தெரியாம அது கையால வாங்கக் கூடாது.”

இதுதான், மகனே, இந்தக் கடிதம் எழுதப்பட்ட காரணம். நாளை காலை உனக்கு மாலை கொண்டுவருபவள் செல்வி. முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே, என்னைப் போலப் பேப்பரைத் தேடாதே. உன் மேல் குற்றம் எதுவும் இல்லை. காய்ச்சலில் கிடந்த பிள்ளை ஒரு குழந்தைக்கு டம்ளர் தட்டி விளையாட்டுக் காட்டினான், அவ்வளவுதான். அந்த டம்ளர் சத்தத்துக்கு நடுவில் அவளை உட்கார வைத்தவன் நான். அவள் கேட்டால் அதை அப்படியே சொல். உன் வீட்டில் நாளைக்கு ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வரும், அதற்கு மறுநாள் உனக்கு ஒரு முக்கியமான காரியம் இருக்கும், ஒரு நாள்தானே என்று உன் நாக்கு நுனி வரை வரும். வந்தால் கடித்துக்கொள். எவன் வாசலிலும் போய்த் தலை குனிந்து நின்று சொல்; கல்யாணமே நின்றாலும் சொல்.

தங்கவேலுவுக்கும் ஒரு வார்த்தை. அவன் ராத்திரி ஆளைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்து என் வேப்பிலையை அவிழ்த்துவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு போகத் திட்டம் போட்டிருப்பதாகக் கேள்வி. வீணாக வர வேண்டாம் என்று சொல். குப்பம்மா கூடையைத் தூக்கப் போனவள், கேட்டுப் பக்கம் நின்று என் வேப்பங்கொத்தைப் பார்த்தாள். “இன்னா கட்டு இது, காத்தடிச்சா அவுந்து பூடும்” என்றாள். கூடையிலிருந்து வாழை நார் எடுத்து, மாலை கட்டுகிற அதே வேகத்தில் நான்கு சுற்றுச் சுற்றி, பல்லால் இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டுப் போனாள். அந்த முடிச்சை அவிழ்க்க இந்த மயிலாப்பூரில் ஆள் கிடையாது.

உன் அப்பா